தும்பாவுக்கு மேலே ஒரு மின்சார ஆறு

பலூனுக்கு எட்டாத, செயற்கைக்கோள் இறங்க முடியாத உயரத்தில் பகல்தோறும் பாய்கிறது ஒரு மின்னோட்டம். இந்திய ராக்கெட் திட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட வைத்ததே அதுதான். அதை அளக்கக் கிடைப்பதோ அரை நிமிடம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் கிளம்பும் ராக்கெட்டுகளுக்கு அந்த ராசி இல்லை. தென்னை மரத்தைவிட ஒல்லியான உடம்பு. நெருப்பைக் கக்கியபடி சீறிப் போய் சில நிமிடங்களில் அரபிக் கடலில் விழுந்துவிடும். எதையும் சுற்றுப்பாதையில் வைக்காது. போகிற வழியில் அளக்கும், அளந்ததை ரேடியோ மூலம் கீழே சொல்லும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் இந்தியாவின் விண்வெளிக் கதை இந்தச் சின்ன ராக்கெட்டுகளோடுதான் ஆரம்பமானது. அவ்வளவு நீளக் கடற்கரை இருக்க, அதிகம் பேர் கேள்விப்பட்டிராத ஒரு மீனவ கிராமத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பதில் தரையில் இல்லை. தும்பாவுக்கு நேர் மேலே, சுமார் 105 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பகல் நேரங்களில் அங்கே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பல்லாயிரம் ஆம்பியர் சுமந்து போகும் அந்த ஆற்றுக்கு கம்பியும் கிடையாது, கரையும் கிடையாது. விஞ்ஞானிகள் வைத்த பெயர் எலக்ட்ரோஜெட்.

யாருக்கும் எட்டாத உயரம்

வளிமண்டலத்தின் மற்ற பகுதிகளை ஆராய வழிகள் உண்டு. ஆராய்ச்சி பலூன்கள் சுமார் 40 கி.மீ. வரை போகும். அதற்கு மேல் பலூனைத் தூக்கிப் பிடிக்கக் காற்று போதாது. செயற்கைக்கோள்களின் பிரச்சினை நேர் எதிரானது. 150 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் காற்றின் உராய்வு அவற்றை நீடிக்க விடாது. ஒன்றுக்குக் காற்று போதவில்லை, இன்னொன்றுக்குக் காற்று அதிகம். இடைப்பட்ட இந்த 100 கி.மீ. சொச்சத்துக்குள் ஒரு கருவியை நேரில் அனுப்ப இன்றுவரை ராக்கெட் ஒன்றே வழி.

தரையிலிருந்து ரேடியோ அலைகளை அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்புவதை வைத்து மேலே என்ன நடக்கிறது என்று ஊகிக்கலாம். அயனி மண்டலம் இருப்பதே 1920களில் இங்கிலாந்தின் எட்வர்ட் ஆப்பிள்டன் செய்த இத்தகைய சோதனைகளில்தான் உறுதியானது. அதற்காக 1947இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் எதிரொலியைக் கேட்பது கதவைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. உள்ளே மின்புலம் எவ்வளவு, மின்னோட்டம் எந்த அடுக்கில், எத்தனை கி.மீ. தடிமனில் என்பதையெல்லாம் அறிய வேண்டுமானால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

அங்கே மின்சாரம் எங்கிருந்து வந்தது? சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணு, மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன. மிச்சம் நிற்பவை நேர் மின்னேற்றம் கொண்ட அயனிகள். பகலில் 100 கி.மீ. உயரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 1 லட்சம் எலக்ட்ரான்கள் இருக்கும். கேட்கப் பெரிய எண்ணிக்கை. ஆனால் மின்னேற்றம் பெறாத சாதாரணத் துகள்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 10 கோடிக்கு ஒன்று. இந்தச் சிறுபான்மைதான் ரேடியோ அலைகளை வளைக்கிறது, தரையில் திசைகாட்டி முள்ளையே லேசாக அசைக்கிறது.

கோடு போட்ட இடம்

முள் அசைவதை முதலில் கவனிக்க வைத்தது தென் அமெரிக்கா. பெரு நாட்டின் ஹுவாங்காயோ ஆய்வுக்கூடத்தில் 1922 முதல் பூமியின் காந்தப்புலத்தைப் பதிவு செய்து வந்தார்கள். தினமும் நண்பகலை ஒட்டி அங்கே காந்தப்புலம் எகிறியது. மற்ற ஊர்களில் இல்லாத அளவுக்கு எகிறியது. வானத்தில் ஒரு குறுகிய பாதையில் மின்சாரம் ஓடினால்தான் இப்படி நடக்கும் என்று கணக்கு சொன்னது. 1951இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி சிட்னி சாப்மன் அதற்கு எலக்ட்ரோஜெட் என்று பெயர் சூட்டினார்.

ஹுவாங்காயோவின் விசேஷம் அது காந்த நடுக்கோட்டில் இருப்பது. பூமியின் காந்தக் கோடுகள் துருவங்களில் செங்குத்தாக இறங்குகின்றன. காந்த நடுக்கோட்டில் தரைக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. வரைபடத்தில் உள்ள பூமத்திய ரேகை வேறு, இது வேறு. இது நெளிந்து வளைந்து போகிற கோடு, ஆண்டுகள் செல்லச் செல்ல இடமும் மாறும். இந்தியாவில் அது தெற்கு முனை வழியாகப் போகிறது. அதன் இருபுறமும் சுமார் 300 கி.மீ. அகலத்துக்கு எலக்ட்ரோஜெட்டின் ராஜ்யம்.

எலக்ட்ரான்கள் அங்கே மட்டும் ஏன் வெள்ளமாகப் பாய வேண்டும்? பகலில் கிழக்கு நோக்கி ஒரு மெல்லிய மின்புலம் இருக்கிறது. காந்தப்புலத்தோடு சேர்ந்து அது எலக்ட்ரான்களை மேல் நோக்கி நகர்த்துகிறது. கனமான அயனிகளோ சுற்றியுள்ள காற்றோடு மோதி மோதி இருந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. மேலே எதிர் மின்னேற்றமும் கீழே நேர் மின்னேற்றமும் தேங்க, செங்குத்தாக இன்னொரு மின்புலம் உருவாகிறது. இது முதல் மின்புலத்தைவிடப் பல மடங்கு வலுவானது. இதன் பிடியில் எலக்ட்ரான்கள் மேற்கு நோக்கி வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் விரைகின்றன. எலக்ட்ரான் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே என்பது பள்ளிப் பாடம். காந்தக் கோடுகள் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் தேங்கிய மின்னேற்றம் அந்தக் கோடுகள் வழியே வடிந்துவிடும். கோடுகள் கிடையாக இருக்கும் இடத்தில் மட்டும் தேக்கம் நிற்கிறது, ஆறு பெருகுகிறது.

தமிழகத்தின் தென் பாதி இந்த ஆற்றின் அடியில்தான் இருக்கிறது. அதன் பலத்தைக் கணக்கிட விஞ்ஞானிகள் திருநெல்வேலி ஆய்வுக்கூடத்தின் காந்தப் பதிவையும் மும்பைக்கு அருகிலுள்ள அலிபாகின் பதிவையும் எடுத்துக் கழிக்கிறார்கள். ஒன்று ஆற்றுக்கு அடியில், மற்றது வெகு தூரத்தில். வித்தியாசம்தான் எலக்ட்ரோஜெட். அலிபாக் ஆய்வுக்கூடத்தின் பிறப்பே மின்சாரத்தால் வந்தது. பம்பாயில் மின்சார டிராம் ஓடப்போகிறது என்றதும், கொலாபாவில் இருந்த காந்தக் கருவிகளின் அளவீடு கெட்டுவிடும் என்று 1904இல் அங்கே மாற்றினார்கள்.

சர்ச்சிலிருந்து வானுக்கு

ஆற்றுக்குள் முதலில் கை விட்டவர்கள் அமெரிக்கர்கள். 1949 மார்ச்சில் பெரு கடற்கரைக்கு அப்பால், நார்ட்டன் சவுண்ட் என்ற கப்பலிலிருந்து ஏரோபீ ராக்கெட்டுகளைக் காந்தமானியுடன் ஏவினார்கள். சுமார் 100 கி.மீ. உயரத்தைத் தாண்டும்போது காந்தப்புலம் மாறியது. மின்னோட்டத்தின் ஊடாக ராக்கெட் போயிருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கப்பலிலிருந்து ஏவுவது சிரமம், செலவும் அதிகம். காந்த நடுக்கோட்டின் மீதே நிலத்தில் ஒரு ஏவுதளம் இருந்தால்? அகமதாபாத்தில் 1947இல் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கிய டாக்டர் விக்ரம் சாராபாய் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியாளர். இந்தியாவின் தெற்கு முனை எவ்வளவு அரிய இடம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அணுசக்தித் துறைத் தலைவர் ஹோமி பாபாவின் ஆதரவும் கிடைத்தது. தும்பா முடிவானது.

அங்கே மேரி மக்தலேனா சர்ச் இருந்தது, சுற்றிலும் மீனவர் குடியிருப்புகள் இருந்தன. பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களிடம் பேசினார். சர்ச்சும் நிலமும் ஆராய்ச்சிக்காகக் கைமாறின. மீனவக் குடும்பங்கள் வேறு இடத்துக்குப் பெயர்ந்தன. சர்ச் கட்டடம் விஞ்ஞானிகளின் அலுவலகமானது. இன்று அது விண்வெளி மியூசியம்.

1963 நவம்பர் 21 அந்தி நேரம். நைக்கி அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவினுடையது, உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸினுடையது, கண்காணிப்புக்கு வந்த ஹெலிகாப்டர் சோவியத் யூனியனுடையது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் இது சாதாரணக் கூட்டணி அல்ல. ராக்கெட்டை ஒருங்கிணைக்கும் பொறுப்பு ராமேஸ்வரத்து இளைஞர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமிடம். ரேடாரும் டெலிமெட்ரியும் ஆர். ஆராவமுதனிடம். ராக்கெட்டைத் தூக்க வந்த கிரேனில் எண்ணெய் கசிந்து கடைசி நேரத்தில் காலை வாரியது. கையாலேயே தூக்கி நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் வானத்தில் ஆரஞ்சு நிற மேகம் விரிந்தது. அது நகர்ந்த விதத்தை வைத்து மேல் வானக் காற்றின் வேகம் கணக்கிடப்பட்டது.

மின்னோட்டத்தின் முறை அடுத்த இரண்டே மாதங்களில் வந்தது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகக் காந்தமானிகளுடன் ராக்கெட்டுகள் பறந்து தும்பா வானத்தின் எலக்ட்ரோஜெட்டை நேரில் அளந்தன. தொடர்ந்து டி.எஸ்.ஜி. சாஸ்திரி போன்ற இந்திய விஞ்ஞானிகளின் காந்தமானிகளும் பறந்தன. 1967 நவம்பர் 20இல் முதல் இந்தியத் தயாரிப்பான ரோகிணி-75 தும்பாவிலிருந்து கிளம்பியது. 1968 பிப்ரவரி 2இல் பிரதமர் இந்திரா காந்தி ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். எந்த நாட்டு விஞ்ஞானியும் வந்து பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள்.

தும்பாவைப் பற்றிப் பேசினாலே எல்லோருக்கும் நினைவு வருவது சைக்கிள் படம்தான். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே ப்ரெஸான் 1966இல் எடுத்தது. வறுமைக்கும் வைராக்கியத்துக்கும் உதாரணமாக அதைக் காட்டுகிறார்கள். சைக்கிளின் பின்னால் இருப்பது ராக்கெட்டின் மூக்குக் கூம்பு. அளக்கும் கருவிகள் உட்காரும் இடம் அதுதான். ராக்கெட்டின் மற்றதெல்லாம் அதை மேலே கொண்டு சேர்க்கும் வாகனம் மட்டுமே.

சில வோல்ட், சில வினாடி

அந்தக் கூம்புக்குள் போகும் கருவிகளில் மூத்தது லாங்முயர் புரோப். அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்முயர் 1920களில் உருவாக்கிய இது பார்க்க மிக எளிமையானது. ராக்கெட்டின் முனையில் ஒரு சிறு உலோகத் துண்டு. அதற்குச் சில வோல்ட் நேர் மின்னழுத்தம் கொடுத்தால் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் வந்து ஒட்டும். எத்தனை வருகிறதோ அத்தனை மின்னோட்டம். எலக்ட்ரான் அடர்த்தியை அதிலிருந்து கணக்கிடலாம். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தால் எலக்ட்ரான்களின் வெப்பநிலையும் தெரியும்.

மின்புலத்தை அளக்க இன்னொரு வழி. ராக்கெட்டின் இருபுறமும் நீளும் கைகளின் முனையில் இரண்டு உலோகக் கோளங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்தால் மின்புலம். ஒரு மீட்டருக்கு ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கான வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி அளக்கும் முறையும் உண்டு. பேரியம் ஆவியை வெளியேற்றினால் சூரிய ஒளியில் அது அயனியாகி ஊதா நிறத்தில் ஒளிரும். அந்த மேகம் நகரும் விதத்தை வைத்து மின்புலத்தைக் கணக்கிடலாம். தும்பா வானத்திலும் இப்படி பேரியம் மேகங்களை மிதக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

கேட்க எளிது, செய்யக் கடினம். எலக்ட்ரான்கள் ராக்கெட்டின் உடம்பிலும் ஒட்டுவதால் ராக்கெட்டே மின்னேற்றம் பெற்றுவிடுகிறது. தராசே கொஞ்சம் கனத்துக்கொண்டிருந்தால் எடை போடுவது எப்படி? உடம்பிலிருந்து கசியும் வாயு அளவீட்டைக் குழப்பும். ராக்கெட் சுழல்கிறது, அதன் பின்னால் படகின் சுவடு போல ஒரு வெற்றிடம் தொடர்கிறது. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மை. நேரமும் இல்லை. வினாடிக்கு ஒரு கி.மீ.க்கு மேல் வேகத்தில் போகும் ராக்கெட், எலக்ட்ரோஜெட் ஓடும் 30 கி.மீ. அடுக்கை ஏறும்போது அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். இறங்கும்போது இன்னொரு அரை நிமிடம். அவ்வளவுதான்.

அந்த அரை நிமிடங்களில் சேர்ந்த அறிவு குறைவானதல்ல. அகமதாபாத் கூடத்தின் சத்ய பிரகாஷ், எஸ்.பி. குப்தா, பி.எச். சுப்பராயா குழுவினர் அதிவேக லாங்முயர் புரோப்களை அனுப்பினார்கள். எலக்ட்ரான் ஆறு அமைதியாக ஓடவில்லை, அதில் சுழிகளும் அலைகளும் இருக்கின்றன என்று காட்டினார்கள். சில மீட்டர் முதல் நூற்றுக்கணக்கான மீட்டர் வரை நீளும் இந்த ஏற்ற இறக்கங்கள் எந்த உயரத்தில், எந்தச் சூழலில் பிறக்கின்றன என்பதைக் கோட்பாட்டோடு பொருத்திப் பார்க்க முடிந்தது. தும்பாவிலிருந்து வந்த இந்த ஆய்வுகளை உலக விஞ்ஞானிகள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சில நாட்களில் ஆறு திசையே மாறிவிடுகிறது. கிழக்கே ஓட வேண்டியது பிற்பகலில் மேற்கே ஓடுகிறது. 2010 ஜனவரி 15இல் தென் தமிழகத்திலும் கேரளத்திலும் வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது இதற்கொரு வாய்ப்பு அமைந்தது. நண்பகலில் சூரியனை யாரோ அணைத்து ஏற்றியது மாதிரியான இயற்கைச் சோதனை அது. அன்றும் அதற்கு முந்தைய நாளும் தும்பாவிலிருந்தும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் ரோகிணி ராக்கெட்டுகள் அடுத்தடுத்து ஏவப்பட்டன. ஒரு நாள் கிரகணத்தோடு, ஒரு நாள் கிரகணம் இல்லாமல் என்று ஒப்பிட்டுப் பார்க்க.

விமானிக்கு என்ன கவலை?

105 கி.மீ. உயரத்தில் எலக்ட்ரான் எந்தப் பக்கம் போனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். பதில் செல்போனிலேயே இருக்கிறது. ஜி.பி.எஸ். சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வருகிறது. வழியில் எலக்ட்ரான்கள் அதைத் தாமதப்படுத்துகின்றன. நொடியில் கோடியில் சில பங்கு தாமதம்கூட இடத்தைக் காட்டுவதில் பல மீட்டர் பிழையாகிவிடும்.

இந்தியாவில் இந்தப் பிழை மற்ற நாடுகளைவிடச் சிக்கலானது. எலக்ட்ரோஜெட்டை ஓட்டும் அதே மின்புலம் காந்த நடுக்கோட்டின் மேலுள்ள உயர் அடுக்கின் எலக்ட்ரான்களை நீரூற்று போல மேலே தூக்குகிறது. அவை காந்தக் கோடுகள் வழியே சரிந்து வடக்கிலும் தெற்கிலும் குவிகின்றன. வடக்குக் குவியல் விழுவது அகமதாபாத், போபால், கொல்கத்தா பகுதிகளில். அகமதாபாத்தில் இறங்கும் விமானத்தின் இடக் கணக்கு பிசகுவதற்கும் தும்பா வானத்தின் மின்புலத்துக்கும் நேரடி உறவு உண்டு. சூரியன் மறைந்த பின் சில இரவுகளில் இன்னொரு தொல்லை. கீழிருந்து எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்பி மேலே போகும். அவற்றின் ஊடே வரும் சிக்னல் நட்சத்திரம் போலக் கண் சிமிட்டும், சில நேரம் அறுந்தே போகும். திருப்பதி அருகே கடங்கியில் உள்ள ரேடார் இந்தக் குமிழிகளைத் தரையிலிருந்து துரத்திக்கொண்டிருக்கிறது.

இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன் திட்டம் ஜி.பி.எஸ். பிழையைத் திருத்தி விமானிகளுக்குச் சொல்கிறது. 2022 ஏப்ரல் 28இல் ராஜஸ்தானின் கிஷன்கட் விமான நிலையத்தில் இண்டிகோ விமானம் ஒன்று அதன் வழிகாட்டலில் இறங்கிக் காட்டியது. மிதமான தட்பவெப்ப நாடுகளின் வானத்துக்கு எழுதிய கணக்கு இங்கே செல்லுபடியாகாது என்பதால், நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலத்துக்கென்றே தனிக் கணக்கு போட வேண்டியிருந்தது.

நிலா வரை போன துண்டு

ராக்கெட் மூக்கில் பழகிய கருவி பிறகு வெகு தூரம் போனது. 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டரில் ஒரு லாங்முயர் புரோப் இருந்தது. செய்தது திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடம். நிலவின் தென் துருவப் பகுதியில் தரையை ஒட்டி ஒரு கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி வரை எலக்ட்ரான்கள் என்று அது சொன்னது. கன சென்டிமீட்டரில் சொன்னால் 5 முதல் 30 வரை. தும்பா வானத்தின் லட்சத்தோடு ஒப்பிட்டால் நிலா ஒரு பாலைவனம்.

சின்ன ராக்கெட்டின் காலம் மலையேறிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு நாசா ஒரு பதில் வைத்திருக்கிறது. 2022 மே 11இல் ஆர்க்டிக் பகுதியின் ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து எண்டியூரன்ஸ் என்ற ஆய்வு ராக்கெட் 768 கி.மீ. வரை போனது. துருவ வானிலிருந்து அயனிகள் விண்வெளிக்குக் கசிவதற்குப் பின்னால் ஒரு மெல்லிய மின்புலம் இருக்க வேண்டும் என்று 60 ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். அளந்தவர் யாருமில்லை. ராக்கெட் அளந்த 500 சொச்சம் கி.மீ. உயர வித்தியாசத்தில் அகப்பட்டது 0.55 வோல்ட். டார்ச் பாட்டரியில் பாதிகூட இல்லை. ஆனால் பூமியின் காற்று விண்வெளிக்குக் கசிவதில் அதற்குப் பங்கு உண்டு. முடிவுகள் 2024இல் வெளியாகின.

இந்தியாவிலும் ராக்கெட்டுகள் தொடர்ந்து போகின்றன. 2021 மார்ச் 12இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி-560 மேல் வானக் காற்றையும் மின்னேற்றத் துகள்களையும் அளக்கப் போனது. தும்பாவில் ரோகிணி-200, 2022 நவம்பர் 23இல் தொடர்ந்து 200ஆவது முறையாக வெற்றிகரமாகப் பறந்தது.

ஒவ்வொரு முறை பறந்தாலும் கிடைப்பது ஒரு நாளின், ஒரு வேளையின், ஒரே ஒரு பாதையின் கணக்குத்தான். நேற்று எடுத்த அளவு நாளைக்கு உதவும் என்ற உத்தரவாதம் கிடையாது. சூரியன் 11 ஆண்டுச் சுழற்சியில் சீறும், அடங்கும். காந்த நடுக்கோடும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜி.பி.எஸ்.ஸை நம்பி இறங்கும் விமானங்கள் பெருகப் பெருக, அந்த வானத்தைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியதும் பெருகுகிறது. நிலாவுக்குப் போகும் நாட்டுக்கு 105 கி.மீ. பெரிய தூரமில்லை. ஆனால் தங்க இடமில்லாத தூரம். ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் கிளம்பிப் போக வேண்டும்.